மாரில் தாங்கிய செவ்வந்திலிங்கம்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில், வாழைக்காய் மண்டிகளுக்கு லாரியிலிருந்து தார் இறக்கும் சுமைக்காரர்களில் செவ்வந்திலிங்கம் என்று ஒருவர் இருந்தார். மண்டி வேலை முடிந்ததும் காவிரியில் குளித்து, நீறு பூசி, மலைக்கோட்டை அடிவாரத்தில் போய் நிற்பார். மலைமேல் இருப்பவர், பேறுகாலத்தில் தனித்துத் தவித்த ஒரு பெண்ணுக்கு அவள் தாயின் உருவிலேயே வந்து துணை நின்ற ஈசன். சுகப்பிரசவம் ஆனால் வாழைத்தார் படைப்பதாகத் தாயுமானசுவாமிக்கு நேர்ந்துகொண்ட பெண்கள் கைக்குழந்தையோடு அங்கே வருவார்கள். அவர்களுடைய தாரைத் தம் தோளில் வாங்கிக்கொண்டு படியேறுவார். கூலி வாங்கமாட்டார். சந்நிதியில் இறக்கி வைத்துவிட்டு, "பெத்தவளும் புள்ளையும் நல்லாருக்கணும் சாமி" என்பார். அவர் அறிந்த மந்திரம் அது ஒன்றுதான்.

அவருக்கும் மனைவி தைலம்மைக்கும் நெடுங்காலமாகக் குழந்தை இல்லை. "ஊரு புள்ளைக்கெல்லாம் தார் தூக்குறியே, ஒனக்கு ஒண்ணு குடுக்க ஒன் சாமிக்கு மனசு வரலியா?" என்று மண்டியில் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த தாருக்குக் குனிந்துவிடுவார்.

தலை நரைக்கத் தொடங்கிய பிறகு தைலம்மை கருவுற்றார். ஏழாம் மாதத்தில் ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்துக் குழந்தையை எடுத்தார்கள். தாய் பிழைக்கவில்லை. தைலம்மையின் தாயார் அங்கம்மாள் லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓடிவந்தார். மகளின் உடலைப் பார்த்து மாரில் அறைந்துகொண்டு அழுதார். "எம் மவள முழுங்கிட்டு வந்தது அது. அந்த மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, காரியம் முடிந்த கையோடு ஊருக்குத் திரும்பிப் போனார்.

பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அந்தப் பெண் குழந்தை. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். தொடை செவ்வந்திலிங்கத்தின் விரல் பருமன்தான். டாக்டர் தயங்கியபடி, "தங்குமான்னு இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்க" என்றார்.

"அது நீங்க சொல்ல வேணாம் டாக்டர். நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க."

மூச்சு சற்றுச் சீரானதும், நர்ஸ் அற்புதமேரி அதைச் சொல்லித் தந்தார். "அம்மா இருந்தா மாரோட அணைச்சு வச்சிருப்பாங்க. அந்தச் சூட்டுலதான் குறைமாசப் பிள்ளை தேறும். அப்பாவும் செய்யலாம். ஆனா நாள் முழுக்க உக்காரணும்."

நாள் முழுக்க இங்கே உட்கார்ந்தால் மலையேறுவது எப்படி? ஒரு நாளும் விடாத தொண்டு அது. செவ்வந்திலிங்கம் ஒரு கணம் கண்ணை மூடினார். "சாமி வேற எடத்துல வேல குடுத்துட்டாரு, சிஸ்டர்" என்றார்.

அன்றே பீடியை விட்டார். தினமும் தேய்த்துக் குளித்து, சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்வார். குழந்தையை அவர் நெஞ்சில் கவிழ்த்துத் துணியால் கட்டுவார்கள். தார் சுமந்து காய்த்துப்போன கழுத்து சாய்ந்தால் வலிக்கும். அசையமாட்டார். ஒருநாள் பிஞ்சு முதுகின் ஏற்ற இறக்கம் சட்டென்று நின்றுபோனது. "சிஸ்டர்!" என்று அலறிக்கொண்டே, சொல்லித் தந்தபடி உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை விக்கி மூச்செடுத்தது. மறுநாளும் அவர் அதே நாற்காலிக்கு வந்தார்.

பார்க்க வந்த மண்டிக்காரர் ஒருவர் வராந்தாவில் சிரித்தார். "என்ன அண்ணே, ஆம்பள புள்ளத்தாச்சி ஆயிட்ட. பாலும் குடுப்பியோ?"

"பாலு இங்க தாய்ப்பால் வங்கியில தர்றாங்கப்பா. சூடுதான் என் பங்கு" என்றார் செவ்வந்திலிங்கம்.

குழந்தையின் எடை மெல்ல ஏறத் தொடங்கிய சமயத்தில், ஒரு காலையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. தாமே அதை நர்ஸிடம் சொன்னார். "தொத்திக்கும், உள்ள வரக்கூடாது. காய்ச்சல் முழுசா விட்டப்புறம் வாங்க" என்று அவர் வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். செவ்வந்திலிங்கம் யாருக்கும் தகவல் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் பாயில் விழுந்தார். உடல் கொதித்தது. "சாமி, நான் எட்ட நிக்கிறேன். நீ கிட்ட இரு" என்று மட்டும் முனகிக்கொண்டே கிடந்தார்.

காய்ச்சல் தணிந்ததும் கால் பின்ன ஓடினார். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய நாற்காலியில் அங்கம்மாள் அமர்ந்திருந்தார். அவருடைய மார்பில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க போன அன்னைக்கே வந்துட்டாங்க. எடை ஒரு பொட்டு குறையல" என்றார் அற்புதமேரி.

கை கழுவிவிட்டு உள்ளே போனார் செவ்வந்திலிங்கம். "அத்த... ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"என்ன மாப்ள, நீங்கதானே ஆளனுப்புனீங்க? வாசல்ல ஒரு பொம்பள வந்து நின்னா. நெத்தி நெறய துந்நூறு. 'ஒன் மருமவன் காச்சல்ல கெடக்கான். புள்ள தனியா கெடக்கு. ஒன் மாருச் சூட்டக் கொண்டு போ'ன்னா. எங் கோவமெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல, அழுவையா வந்துச்சு. குடிக்கத் தண்ணி மொண்டு வந்து பாத்தா, ஆளக் காணோம். தெருவுல யாரக் கேட்டாலும் பாக்கலங்கிறாங்க. யாரு அது?"

வந்தது யாரென்று செவ்வந்திலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. தாய்க்குத் தாயாக வந்த பெருமான், இன்று ஒரு தாயைத் தேடிப்போய் அழைத்து வந்திருக்கிறார். செவ்வந்திலிங்கம் தரையில் அமர்ந்து, உறங்கும் மகளையும் அவளை ஏந்தியவரையும் சேர்த்துக் கும்பிட்டார்.

குழந்தை தேறி வீடு வந்தது. மட்டுவார்குழலி என்று அந்த மலைக்கோயில் அம்பாளின் பெயரையே இட்டார்கள். அங்கம்மாள் அதன் பிறகு அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

ஆணாய்ப் பிறந்தும், தாம் தொழுத ஈசனைப் போலவே தாயுமாகி நின்ற செவ்வந்திலிங்கத்தின் திருவடியை நெஞ்சில் வைப்போம்.