இரண்டாம் தடவை பாடிய வரி

எட்வின் மச்சாடோ தன் ஆசிரியையிடம் ஒரு நாள் கேட்டான்.

"ஸ்டுடியோவுல பாடுன பாட்டு சுத்தமா இருக்கு மிஸ். அதே பாட்டை அதே ஆளு மேடையில பாடுனா இருமல் கேக்குது, நாற்காலி இழுக்குத சத்தம் கேக்குது, சுதிகூட லேசா விலகுது. ஆனாலும் எனக்கு அந்த மேடை ரெக்கார்டுதான் பிடிக்குது. ஏன்?"

"அதுல கேக்குதவங்களும் சேந்து பாடுதாங்க," என்றார் செலஸ்டினா மிஸ். கிட்டார் கம்பியை முறுக்குவதற்குத் திரும்பிவிட்டார்.

மிஸ் தூத்துக்குடியில் கிட்டார் கற்றுத்தருபவர். எட்வினைவிட வயதில் இளையவர். எட்வினுக்குத் துறைமுகத்தில் ஆபீஸ் வேலை, முன்தலையில் வழுக்கை, நடுவயதில் பிடித்த புளூஸ் பைத்தியம். ஆனாலும் சீடன் சீடன்தான்; கதையில் அவனை 'அவன்' என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

புளூஸ் என்பது பருத்திக்காட்டில் முதுகொடிந்த கறுப்பின மக்கள் தங்கள் பாடுகளைப் பாடிய பாட்டு. ஒரு வரியைப் பாடுவார்கள். அதே வரியை இன்னொரு தடவை பாடுவார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில் சொல்லும். கேட்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஆமாம் என்பார்கள், சொல்லு சொல்லு என்பார்கள், அழுவார்கள்.

நம் ஆட்கள் அப்படியா? பூசைக்கு வந்தவர்கள் மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எட்வினுக்கு அது தெரியும். அதனால், மாதா கோயில் பங்கு மன்றத்தில் நடந்த தன் கச்சேரியில் முதல் பாட்டுக்கு முன்னாலேயே மைக்கைப் பிடித்துக் கெஞ்சினான்.

"இது ரெக்கார்டு ஆகுது. மனசுல என்ன படுதோ அதை வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்க பேசாம இருந்தா இது பாட்டே இல்லை."

மக்கள் ஒத்துழைத்தார்கள். "சவுண்டு பத்தலை!" என்றார் ஒருவர். "ஃபேனைக் கூட்டுங்கப்பா!" என்றார் இன்னொருவர். எட்வின் சிரித்துக்கொண்டே பாடினான்.

கடைசிப் பாட்டு புதியது. யாரும் கேட்டிராதது. அவன் அம்மா இறந்ததைப் பற்றியது.

"கடைசி மூச்சு வரைக்கும் அம்மா கையை விடலை நான்," என்று பாடினான்.

மன்றம் அடங்கிப் போனது. அதே வரியை இரண்டாவது தடவை பாடினான்.

"பொய்."

பெண் குரல். கத்தவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அது யார் குரல் என்று எட்வின் தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அக்கா பிலோமியின் குரல். அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது அவள்தான்.

பாட்டு எப்படியோ முடிந்தது. எட்வின் கிட்டாரைக்கூடக் கழற்றாமல் பின்வாசல் வழியாக வெளியே ஓடினான். அக்காவோடு அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

*

இப்போது மிஸ்ஸின் ரெக்கார்டிங் அறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கச்சேரியைப் பதிவு செய்ததும் மிஸ்தான். ஆல்பத்தை வெளியிடுகிற சென்னைக் கம்பெனிக்கு இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். எட்வினின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்," என்றான். "அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துருங்க."

"எந்த வார்த்தையை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க மிஸ். கூடப் பிறந்தவளே என்னைப் பொய்யன்னு சொல்லுதா. அதை ஊரெல்லாம் காசு குடுத்து வாங்கிக் கேக்கணுமா?"

"அவங்க சொன்னது பொய்யா?"

எட்வின் போனைக் கவிழ்த்து வைத்தான். முகம் சிவந்துவிட்டது.

"எடுக்குதேன்," என்றார் மிஸ்.

எடுத்தார். பெரிய வேலை இல்லை, ஒரு மூச்சு நேரத்து வேலை. பிறகு அந்த இடத்தை ஓடவிட்டார்.

'கடைசி மூச்சு வரைக்கும் அம்மா கையை விடலை நான்.' மறுபடி அதே வரி. பிறகு கிட்டார் தடுமாறியது. விரல் தவறான கம்பியில் விழுந்து, நின்றது. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஃபேன் சத்தம் மட்டும். பிறகு கிட்டார் இல்லாமல் வெறும் குரல் வந்தது.

'கதவுக்கு வெளியே நின்னேன், உள்ளே வரப் பயந்தேன்.'

எட்வின் நிமிர்ந்தான்.

"இது என்ன?"

"மூணாவது வரி."

"நான் எழுதுனது இது இல்லையே. 'கோயில் மணி அடிக்கும்போதும் கையில சூடு போகலை'ன்னுதானே எழுதினேன்?"

"ஆமா. ஆனா அன்னைக்குப் பாடுனது இது."

"நானா?"

"வேற யாரு மேடையில இருந்தா?"

எட்வினுக்கு வியர்த்தது. அந்த வார்த்தைக்குப் பிறகு என்ன பாடினோம் என்று அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா மட்டும்தான் நினைவிருந்தது. கதவில் சின்னக் கண்ணாடி இருந்தது. அது வழியாகப் பார்க்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே அக்கா ஜெபம் சொல்வது கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெபம் நின்றுபோனது.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட. இப்போது அவன் குரலே அதைச் சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் திரையில் ஒலிக்கோடாக நிற்கிறது.

"அதையும் எடுங்க," என்றான். "எழுதுன வரியை இப்பவே பாடித் தாரேன். அந்த இடத்துல ஒட்டிருங்க."

"பாடுவீங்களா?"

"பாடுவேன் மிஸ். ஏன், எனக்குப் பாடத் தெரியாதா?"

மிஸ் ஃபேனை நிறுத்தினார். கதவைச் சாத்தினார். மைக்கை அவன் வாய் உயரத்துக்கு இறக்கினார். புழுக்கம் உடனே ஏறியது. எட்வின் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். ஒரு பிசிறும் இல்லை. சுதி அசையவில்லை. அவன் இதுவரை பாடியதிலேயே சுத்தமான வரி அதுதான்.

"நல்லா இருக்கு," என்றார் மிஸ். முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே நன்றாக இருந்தது.

ஒட்டினார். நீண்ட இடைவெளியைக் கத்தரித்தார். தவறாக விழுந்த விரலையும் எடுத்தார். ஓடவிட்டார். எங்கே ஒட்டியது என்று எட்வினுக்கே தெரியவில்லை.

"போதும் மிஸ். நிறுத்துங்க. அனுப்பிருவோம்."

மிஸ் நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. கிட்டாரின் கடைசி நாதம் தேய்ந்து போனது. மன்றத்தில் ஓர் அசைவும் இல்லை. ஒரு குழந்தை எதையோ கேட்டது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். பின்வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொள்ளும் சத்தம் வந்தது. அது எட்வின் ஓடிய சத்தம். இதற்கு மேல் நடந்த எதையும் அவன் அன்று கேட்டிருக்கவில்லை.

பிறகு கைதட்டல். ஒரே ஒரு ஆளின் கைதட்டல்.

மெதுவாக, விட்டு விட்டு, பழக்கமில்லாத கை தட்டுவதுபோல. வேறு யாரும் சேரவில்லை. அந்த ஒரு ஆள் நிறுத்தவும் இல்லை. எட்வினுக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது, யாராவது கூடச் சேர மாட்டார்களா என்று தவித்தான். கடைசியில் இன்னொருவர் சேர்ந்தார். அதன்பிறகு மன்றம் முழுக்க இரைந்தது.

"இவ்வளவு தட்டுனாங்களா?"

"ஆமா. ரொம்ப நேரம்."

"முதல்ல தட்டுனது யாரு?"

மிஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், நீங்க பின்னாலதானே உக்காந்திருந்தீங்க. பாத்திருப்பீங்க. யாரு அது?"

"உங்க அக்கா," என்றார். "எந்திரிச்சி நின்னு தட்டுனாங்க. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்தது. நீங்க மேடையில இல்லைங்கிறதுகூட அவங்களுக்குத் தெரியலை."

எட்வின் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை மட்டுமா என்று மிஸ் பார்க்கவில்லை. போன் மறுபடி அதிர்ந்தது. கம்பெனிக்காரர்தான். அவன் எடுக்கவில்லை.

"மிஸ்."

"சொல்லுங்க."

"அந்தக் கைதட்டு இருக்கட்டும். அதை ஒண்ணும் பண்ணீராதீங்க." குரல் கெஞ்சியது. "அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். அன்னைக்கு மேடையில நான் மாத்திப் பாடுன வரியும் வேண்டாம். இப்ப ஒட்டியிருக்கிற மாதிரியே போகட்டும். கைதட்டு மட்டும் அப்படியே இருக்கட்டும். முடியும்தானே?"

"முடியுமே," என்றார் மிஸ். "இப்பவே முடிஞ்சுதானே இருக்கு."

அனுப்ப வேண்டிய பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். மவுசை அவன் பக்கம் நகர்த்தினார்.

எட்வின் கையை நீட்டினான். விரல் அழுத்தவில்லை.

"என்ன மிஸ், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"கேக்கணும்னு ஒண்ணுதான் இருக்கு," என்றார் மிஸ். "ஒட்டி வெச்ச இந்தப் பாட்டுக்கு, உங்க அக்கா எதுக்கு எந்திரிச்சி நிக்கணும்?"