மோர் டம்ளரின் அடியில்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் தணிகைவேலின் மோரைப் பார்த்துவிடுவோம்.

அரக்கோணத்தில் நோட்டு பைண்டிங் கடையில் வேலை பார்த்தவன் அவன். மனச்சிதைவு நோய் வந்தபின் அவன் காதில் ஒரு குரல் குடியேறியது. "உன் சாப்பாட்டுல கலக்குறாங்க" என்று ஓயாமல் சொன்னது. அவன் மாத்திரையைத் தொடவில்லை. சோற்றையும் பாதியில் வைத்தான். பெற்ற மனம் கேட்குமா? அம்மா மரகதம் மாத்திரையைப் பொடித்து மோரில் கலந்து கொடுத்தாள். நான்கு மாதத்தில் குரல் தணிந்தது, தூக்கம் வந்தது, மறுபடி கடைக்குப் போனான். வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது.

ஒரு மதியம் டம்ளரின் அடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தினமும் மைதாப் பசை காய்ச்சுகிற விரலுக்குக் கரையாத பொடி தெரியாதா? அப்படியானால் குரல் சொன்னது நிஜம்தானா?

"இதுல என்ன கலந்தீங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் அண்ணன் செல்வமணி முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லடா, உப்புதான். நீயா எதையாவது நினைச்சுக்காத." தம்பி மறுபடி உடைந்துவிடக் கூடாதே என்ற பதைப்பு அவனுக்கு.

அண்ணி அமுதவல்லி எதிரில் வந்து உட்கார்ந்தாள். "உங்க மாத்திரைதான் தம்பி. நாலு மாசமா கலக்குறோம். எனக்கும் தெரியும். சொல்லாதது தப்புதான்."

தணிகைவேல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு நாள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "உண்மை பேசி என் பிள்ளையைக் கெடுத்துட்டியே" என்று அம்மா மருமகளிடம் அழுதாள்.

மூன்றாம் நாள் நால்வரும் மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தணிகைவேலைப் பார்த்து, "மாத்திரைப் பெட்டி யார்கிட்ட இருக்கட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றார். அம்மா கை நீட்டினாள், அண்ணனும் நீட்டினான். அண்ணி தலையே நிமிரவில்லை.

தேற்றிய அம்மாவா, அவன் மனம் கலங்காமல் காக்கப் பார்த்த அண்ணனா, இரண்டு நாள் பட்டினிக்குக் காரணமான அண்ணியா? இவர்களில் யார் செய்தது சரி? அவன் யார் பெயரைச் சொன்னான்?

விடை: அண்ணியின் பெயரை. கலக்குகிறார்கள் என்றது குரல். இல்லை என்றான் அண்ணன். பொடியோ டம்ளரில் இருந்தது. அண்ணியும் மறைத்திருந்தால், அந்த வீட்டில் உண்மை பேசுவது குரல் ஒன்றுதான் என்று அவன் முடிவு கட்டியிருப்பான். அதற்காக அம்மாவை ஒதுக்க அவனுக்கு மனம் வரவில்லை. நேருக்கு நேர் கேட்கும் தெளிவு தனக்கு வந்ததே அவள் மோரால்தான் என்று அவனுக்குத் தெரியும். "பெட்டி அண்ணிகிட்ட இருக்கட்டும். மோர் அம்மா குடுக்கட்டும்" என்றான். "ஆனா ரெண்டும் தனித்தனியா வேணும்."