பார்பரம்மாளுக்குச் சாட்சி

கடற்கரை ஊர் ஒன்றில் கோயில் பெருக்கி வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள் இஞ்ஞாசியம்மாள். அவளுடைய ஒரே மகன் வியாகப்பன் ஐப்பசிப் புயலில் வள்ளத்தோடு போனவன். உடல்கூடக் கரை சேரவில்லை.

ஊருக்குப் புதிதாக வந்த பங்குச்சாமியார் கஸ்பார் பெரிய படிப்பாளி. இடி மின்னலுக்குக் காவல் என்று ஊரே கும்பிட்ட பார்பரம்மாளின் சிலையை, பீடத்திலிருந்த அந்தச் சுரூபத்தை, கண்டதும் முகம் சுளித்தார். சில வாரங்கள் கழித்து ஊர்ப் பெரியவர்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இப்படி ஒரு புனிதை வாழ்ந்ததற்கு ஆதாரமே கிடையாது. எல்லாம் கட்டுக்கதை. கண்ணால் கண்ட சாட்சி இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சுரூபத்தை இறக்கிவிடுவேன்."

எந்தக் காலத்திலோ வாழ்ந்தவளுக்குச் சாட்சி தேடி எங்கே போவது?

இஞ்ஞாசியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தாள்.

"சாமி, என் மவன் மோட்சத்துல இருக்கான்னு போன வாரம் பூசையில சொன்னீங்களே, நெசந்தானா?"

"அதில் சந்தேகமே வேண்டாம் அம்மா."

"கண்ணால கண்ட சாட்சி யாரு சாமி?"

"அது விசுவாசம்" என்றார் சாமியார் தாழ்ந்த குரலில்.

"அப்போ இந்தப் பார்பரம்மாளும் அவன்கூட அங்கேயே இருந்துட்டுப் போறா."

சுரூபம் இறங்கவில்லை. இஞ்ஞாசியம்மாளின் சாமர்த்தியத்தை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சாமியாரை மடக்கக் கேட்ட கேள்வி அவள் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மாதாமாதம் மகனுடைய ஆத்துமத்துக்காகப் பூசை கேட்டு வந்தவள், அதன்பின் கேட்கவே இல்லை.