சாவடியில் இருபத்தைந்து எழுத்து

முன்னொரு காலத்தில் கடலோர நாடு ஒன்றைக் கனகசேனன் ஆண்டுவந்தான். நல்ல மன்னன்தான், ஆனால் முடியாத காரியத்தை ஏவிவிட்டு, அடுத்தவர் திருதிருவென விழிப்பதைப் பார்ப்பதில் அவனுக்கு அலாதிப் பிரியம்.

அந்த வருஷம் வடக்குச் சீமையில் மழை பொய்த்தது; விஷக்காய்ச்சலும் பரவியது. சேதி கேட்ட தீவு நாட்டு அரசி, "எங்கள் பஞ்சத்தில் உங்கள் நெல்தான் எங்களைக் காத்தது" என்று ஓலை எழுதி, மருந்துப் பெட்டிகள், ஏடுகள், காற்றில் சுழன்று நீர் இறைக்கும் இயந்திரங்கள் எல்லாவற்றையும் கப்பலில் அனுப்பினாள். கூடவே வைத்தியர்களும் ஆசிரியர்களும் வந்தார்கள்.

சுங்கத் தலைவர் வேங்கடபதிக்கு நாக்கில் நீர் ஊறியது. அரசவை விகடகவி அம்பலவாணன் மீது அவருக்கு வெகுநாள் பொறாமை வேறு.

"மன்னர் பெருமானே, வடக்கே போகும் வழியில் ஏழு சாவடிகள். ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு சுங்கம். சரக்கைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை அம்பலவாணரிடமே ஒப்படைக்கலாமே!"

மன்னன் புன்னகைத்தான். "அம்பலவாணரே, சுங்கமும் செலுத்த வேண்டும், சரக்கும் துளி குறையக் கூடாது. தவறினால் நாடு கடத்துவேன்."

"உத்தரவு, அரசே" என்றான் அம்பலவாணன்.

ஒரு வழி புலப்படும்வரை சரக்கையெல்லாம் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு, ஆட்களை மட்டும் முதல் சாவடிக்கு அழைத்துப்போனான். காவலன் மாடக்கண்ணு மறித்தான்.

"இவங்ககிட்ட என்ன சரக்கு?"

"வைத்தியரிடம் வைத்தியம், ஆசிரியரிடம் எழுத்து. பத்தில் ஒன்று எடுத்துக்கொள்ளப்பா."

வைத்தியர்கள் வேலியோர நிலவேம்பைக் காட்டி, கஷாயப் பக்குவம் சொல்லிக்கொடுத்துவிட்டு வடக்கே விரைந்தார்கள். காய்ச்சலில் கிடந்த மாடக்கண்ணுவின் மனைவி மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். ஆசிரியர் ஒருவர் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளில் பத்தில் ஒரு பங்காக இருபத்தைந்தை மணலில் எழுதிக் கற்பித்து, "சுங்கம் தீர்ந்தது" என்று கிளம்பினார்.

மாடக்கண்ணு விடவில்லை. "ஐயா, அரைகுறை எழுத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? மிச்சத்தையும் குடுத்துட்டுப் போங்க!"

"நீயாகக் கேட்டு வாங்கினால் அது கொடை, சுங்கக் கணக்கில் வராது" என்றான் அம்பலவாணன். ஆசிரியர் அங்கேயே தங்கினார்.

மாதம் முடிவதற்குள் மாடக்கண்ணு எழுத்துக்கூட்டத் தொடங்கினான். ஒருநாள் சாவடி வாசலில் இருந்த பழைய கல்வெட்டை விரலால் தடவித் தடவிப் படித்தான். "நோய்க்கு மருந்தும், கல்விக்கு ஏடும், உழவுக்குக் கருவியும் எந்தச் சாவடியிலும் சுங்கமின்றிச் செல்க. இது அரசாணை."

சேதி கேட்ட அம்பலவாணன் அதை ஓலையில் படியெடுத்துக்கொள்ள, அன்றே துறைமுகத்திலிருந்து சரக்கு வண்டிகள் புறப்பட்டன. அரசாணையைக் கேட்டதும் ஏழு சாவடிகளிலும் ஒருவரும் கைவைக்கவில்லை.

வேங்கடபதி சபையில் கொதித்தார். "அரசே, அம்பலவாணர் சுங்கம் ஏய்த்துவிட்டார்!"

"ஆட்களுக்குச் சுங்கம் கட்டினேன், அரசே. பெட்டிகளுக்குச் சுங்கமே இல்லையாம்" என்று அம்பலவாணன் கல்வெட்டைப் படியெடுத்த ஓலையை நீட்டினான்.

"படித்துக் காட்டும், வேங்கடபதி" என்றான் மன்னன்.

வேங்கடபதி ஓலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வியர்த்தது. இருபது வருஷம் சுங்கம் வாங்கியவருக்கு ஓரெழுத்தும் தெரியாது!

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு சிரிப்பு அடங்கி, "என் பாட்டனார் ஆணையை நானும்தான் படிக்கவில்லை" என்றான். தன் முத்துமாலையை அம்பலவாணன் கழுத்தில் போட்டான். முதல் சாவடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் எடுத்துவிட உத்தரவிட்டான். வேங்கடபதியை மாடக்கண்ணுவிடம் அரிச்சுவடி படிக்க அனுப்பினான்.

மறு வருஷம் தீவு நாட்டுக் கப்பல், வடக்குச் சீமையில் விளைந்த எள்ளையும் பருத்தியையும் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியது.