எல்லையை மூடிய ராஜாவும் தூர்ந்துபோன ஏரியும்

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டைக் கனகவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் போட்ட உத்தரவை மாலையில் மாற்றுவான். ஒன்றை மட்டும் மாற்றவே இல்லை: வெளிநாட்டார் யாரும் எல்லைக்குள் வரக்கூடாது.

அந்த ஆணையை எழுதிக் கொடுத்தவர் மந்திரி நன்னாகனார். பக்கத்து நாட்டில் கொள்ளைநோய் பரவிய வருஷம் அது. நோய் போய்விட்டது, ஆணை போகவில்லை. 'நோய் தீரும்வரை' என்று எழுதாமல் விட்டோமே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

ஏரியில் தூர்வாரும் மண்வேலைக்காரர்கள் எல்லோரும் வெளிநாட்டார். ஆணைக்குப் பிறகு ஏரி தூர்ந்துகொண்டே வந்தது. இந்தக் கோடையிலும் அவர்கள் பிள்ளைகுட்டிகளோடு எல்லைச் சாவடியில் வந்து காத்துக்கிடந்தார்கள்.

"மழைக்கு முன் தூர்வாராவிட்டால் அடுத்த கோடையில் குடிக்கத் தண்ணீர் இருக்காது, பிரபு. அவர்களை உள்ளே விடுங்கள்" என்றார் மந்திரி.

மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் பிரதானி அனந்தகோன் எழுந்தார். "நோய் கொண்டுவருவார்கள், பிரபு."

"நோய் தீர்ந்து ஐந்து வருஷமாகிறதே."

"அப்படியானால் திருடர்கள்."

"கழுதையில் மண்வெட்டியை ஏற்றிக்கொண்டா திருட வருவார்கள்?"

"சரி, நம் ஜனங்களின் வேலையைப் பறிப்பார்கள். அதுதான் காரணம்."

ராஜா தலையாட்டினான். மந்திரியும் தலையாட்டினார். "அருமையான காரணம். வேலையைப் பறிகொடுத்தவர்கள் நாளைக் காலை ஏரிக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும். தண்டோரா போடச் சொல்லுங்கள்."

மறுநாள் ராஜா ஏரிக்கரையில் குடைக்கடியில் உட்கார்ந்தான். வெயில் ஏறிய பிறகு ஒரே ஒருவன் வந்தான்.

"வேலைக்கா?"

"இல்லீங்க சாமி. எருமையைத் தேடி வந்தேன்."

"உம்முடைய ஜனங்கள் எங்கே, அனந்தகோனே?" என்று ராஜா பக்கத்தில் நின்ற பிரதானியைக் கேட்டான்.

"பிரபு, வேலை பறிபோனது இவருக்குத்தான் போலிருக்கிறது" என்றார் மந்திரி. "நேற்று அவ்வளவு வருத்தப்பட்டாரே."

ராஜா சிரித்துவிட்டு ஒரு மண்வெட்டியைப் பிரதானியிடம் நீட்டச் சொன்னான். நாலு கூடைச் சேற்றிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. "காரணம் ஒன்றும் இல்லை, பிரபு. அவர்கள் வந்தால் மந்திரி பேர் வாங்கிவிடுவாரே என்றுதான்..."

ராஜா ஆணையை அங்கேயே ரத்து செய்து, தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மந்திரி குதிரையேறி நேராகச் சாவடிக்குப் போனார். அங்கே ஆறிப்போன அடுப்புக் கற்கள்தான் கிடந்தன.

"காலையிலேயே கிளம்பிட்டாங்க, ஐயா" என்றான் காவல்காரன். "வேற ராஜா வேலை தர்றாராம். இனி இந்தப் பக்கம் வரமாட்டாங்களாம். போறப்ப அவங்க தலைவி பெத்தக்கா, 'நாங்க என்ன தப்பு செஞ்சோம்?'னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாது, ஆணையை எழுதினவரைத்தான் கேக்கணும்னு சொன்னேன்."

நன்னாகனார் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார்.

அந்த வருஷம் செங்கரையில் நல்ல மழை. ஏரியில்தான் தண்ணீர் நிற்க இடமில்லை.