மைனஸ் நூற்றிருபத்தொன்று

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. ஒரு கணக்கு ஒரு மனிதனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் சொன்னவர் அடைக்கலம். அவருக்குக் கதை கட்டத் தெரியாது.

அடைக்கலம் ஓய்வுபெற்ற சர்வேயர். வீட்டில் உட்கார முடியாமல், தன்னைவிட வயதில் மிகவும் இளைய மங்கையர்க்கரசி டீச்சரிடம் மாலையில் கணக்குப் படிக்கப் போனார்.

அவருக்கும் மனைவி சலேத்துக்கும் ஒரே பெண். மூச்சில்லாமல் பிறந்தது.

சலேத் அதற்கு வயது எண்ணிக்கொண்டே வந்தாள். இந்த வருஷம் காலேஜ் முடித்திருப்பாள் என்பாள். ஒருநாள் காலை அவர் கத்திவிட்டார். இல்லாததை இல்லையென்று சொல், முடியாதென்றால் நான் தம்பி வீட்டோடு போய்விடுகிறேன் என்றார்.

அன்று மாலை மாற்றுத் துணி வைத்த பையோடுதான் வகுப்புக்கு வந்தார்.

டீச்சர் முப்படிச் சமன்பாடு ஒன்று கொடுத்தார். ஊகிக்கக் கூடாது, சூத்திரத்தின் வழியாகவே வர வேண்டும். தவறான வரியை எழுதியவரே துடைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

பாதியில் மைனஸ் நூற்றிருபத்தொன்றின் வர்க்கமூலம் வந்து நின்றது. அடைக்கலம் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி அதே. மறுபடி துடைத்தார்.

"ஏன் சார்?"

"பரப்பே மைனஸ் என்றால் பக்கம் ஏது டீச்சர்? ஊர் ஊராக நிலம் அளக்கச் சங்கிலி பிடித்தவன் நான். அப்படி ஒரு மனையைப் பார்த்ததில்லை."

"பட்டா கேட்கவில்லை சார். துடைக்காமல் வையுங்கள், போதும்."

வேண்டாவெறுப்பாக எழுதினார். அந்த இல்லாத மூலத்தைச் சுமந்துகொண்டே வரிகள் இறங்கின. கடைசியில் அது ஒருபுறம் கூட்டலிலும் மறுபுறம் கழித்தலிலும் நின்றது. சேர்த்தார். இரண்டும் போயின.

நான்கு.

சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது.

"கடைசியில் அது இல்லாமல்தானே போயிற்று?"

டீச்சர் டஸ்டரை நீட்டினார்.

"அந்த வரிகளைத் துடைத்துவிட்டு நான்குக்கு வாருங்கள்."

அடைக்கலம் டஸ்டரோடு பலகை முன் நின்றார். பிறகு அதை மேசையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். தம்பி ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும், அதனால் திரும்பியிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் சலேத்தை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது அவர் பக்கத்தில் நடந்தபடி கேட்டேன்.

"அண்ணே, பிள்ளைக்கு இப்போ என்ன வயசு?"