மாமரம் துக்கம் காக்கும் வருஷம்

மரத்துக்கும் வௌவாலுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மாமரம் ஒரு வருஷம்கூட ஓய்ந்ததில்லை. தையில் பூக்கும், மாசியில் பிஞ்சு விடும், சித்திரையில் கிளைகள் தரையைத் தொடும். மறு வருஷமும் அப்படியே. மனிதர்கள் அதை ஓர் அதிசயமாக நினைக்கவில்லை. சூரியன் தினமும் வருகிறது, மாமரம் வருஷம் தோறும் காய்க்கிறது, அவ்வளவுதான்.

மாங்காயைச் சேர்த்து வைக்கவும் அப்போது யாருக்கும் தெரியாது. பழுத்தால் தின்றார்கள். மிஞ்சியதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். அங்கும் மிஞ்சினால் அணிலும் வௌவாலும் எறும்பும் பார்த்துக்கொண்டன. பழக்காலம் முடிந்தால் கம்பும் சோளமும். அவையும் தீர்ந்தால் பட்டினி. வெயில் வருவது போல, காற்று வருவது போல, பட்டினியும் வந்து போகும் என்று இருந்தார்கள்.

சடையன் ஒருவன்தான் அப்படி இருக்க முடியாதவன்.

மலையடிவாரத்தில், ஊரின் கடைசியில் அவன் வீடு. வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. பாறையை ஒட்டி ஒரு மாமரம். ஒரு பஞ்சத்தில் அவன் தன் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்திருந்தான். சாவதற்கு முன் அந்தப் பிள்ளை அப்பனின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தது. ஒன்றும் இல்லை. அதன் பிறகு செவந்தி என்றொரு பெண் பிறந்து, பால்பல் விழுகிற வயதுக்கு வந்துவிட்டாள். ஆனாலும் சடையன் தூக்கத்தில் கையை இறுக மூடிக்கொண்டுதான் படுப்பான்.

ஒரு கோடையில் உப்பு விற்கிறவர்கள் கழுதைகளோடு வந்து மாமரத்தடியில் தங்கிப் போனார்கள். அவர்கள் போன பிறகு, மூட்டையிலிருந்து சிந்திய உப்பைக் கூட்டி அள்ளப் போன சடையன் மனைவி பூவாயி, அதற்குள் ஒரு மாங்காய்த் துண்டைக் கண்டாள். அணில் கடித்துப் போட்டது. சுருங்கியிருந்தது. ஆனால் அழுகவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு அப்படியே இருந்தது.

"ஏனுங்க, இங்க பாருங்க. இது சாகலைங்க" என்றாள்.

சடையன் அந்தத் துண்டை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் கையை மூடிக்கொண்டான்.

அடுத்த வருஷம் தை மாதத்தில் மலையிலிருந்து அனல்காற்று இறங்கியது. சுற்றுப்புறத்து மாமரங்கள் எல்லாவற்றிலும் பூ கருகி உதிர்ந்தது. பாறையின் மறைவில் நின்ற சடையன் வீட்டு மரம் மட்டும் தப்பியது. தப்பியதோடு நிற்கவில்லை. ஊரின் காய்ப்பு முழுவதையும் தானே காய்த்தது போலக் காய்த்தது. இலை தெரியவில்லை. கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

சடையன் தான் செய்யப் போவதை மரத்திடம் சொன்னான். காயாகவே பறித்து, அரிந்து, உப்பில் ஊற வைத்து, பாறையில் உலர்த்தி, பானையில் போட்டு, வாயில் துணியால் வேடு கட்டிவிடுவேன். அடுத்த கோடைவரை கெடாது என்றான்.

மரத்துக்கு அது பிடித்திருந்தது. "எடுத்துக்கொள் சடையா. கீழே இருப்பதை எடு. நடுவில் இருப்பதையும் எடு. உச்சிக் கிளையை மட்டும் பழுக்க விட்டுவிடு. பழுத்தால்தான் கொட்டை முற்றும். கொட்டை முற்றினால்தான் எனக்குப் பிள்ளை" என்றது.

"விடறேன்" என்றான் சடையன். அப்போது அவன் பொய் சொல்லவில்லை.

உச்சிக் கிளையில் ஒரு பழந்தின்னி வௌவால் குட்டியை நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு தொங்கியது. செவந்திக்கும் அதற்கும் தினமும் சண்டை.

"உச்சியில இருக்கறதெல்லாம் என்னுது. அப்பா எனக்குன்னுதான் விட்டிருக்குது" என்பாள் செவந்தி.

"ஏறி வந்து எடுத்துக்கோ. உனக்கு முன்பல்லே இல்லை, இதில் உனக்குப் பழம் வேறு" என்று வௌவால் மேலிருந்து சிரிக்கும்.

"உன் பிள்ளைக்கு மட்டும் பல்லிருக்குதா?"

"அதற்கு நான் தின்று பால் கொடுப்பேன். உனக்கு?"

"எனக்கு எங்கம்மா கரைச்சு ஊத்தும், போ."

கடைசியில் இருவரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். கிழக்குப் பக்கம் தொங்குவது செவந்திக்கு. மேற்கே இருப்பது வௌவாலுக்கும் குட்டிக்கும்.

வேலை தொடங்கியது. சடையன் தொரட்டியால் பறித்துப் போட்டான். பூவாயி அரிவாள்மணையில் அரிந்தாள். காம்புப் பால் பட்டு அவள் விரலிடுக்கெல்லாம் பொத்துப் போயிற்று. உப்பு பட்டதும் எரிந்தது. பாறை முழுக்க மாங்காய்க் கீற்று காய்ந்தது. காக்கை விரட்டுவது செவந்தி வேலை. ஊரே புளிப்பாக மணத்தது. பக்கத்துச் சோளக்காட்டுக்காரன் நஞ்சப்பன் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏப்பா சடையா, பறிச்சு முடிச்சுட்டு மரத்தையும் அரிஞ்சு ஊறப் போட்டுருவியாட்ட இருக்குது?"

"பஞ்சம் வர்றப்ப சிரிப்பு வருதான்னு பார்க்கலாம்" என்றான் சடையன்.

"வந்தா உன் வீட்டுக்குத்தான் வருவேன். எனக்கொரு பானையை எடுத்து வையி" என்று சிரித்துக்கொண்டே போனான் நஞ்சப்பன்.

பானைகள் ஒவ்வொன்றாக நிறைந்து, வாயில் துணி கட்டி, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தன. கீழ்க்கிளைகள் தீர்ந்தன. நடுக்கிளைகள் தீர்ந்தன. அப்போது ஒரு பானை மட்டும் மிஞ்சிவிட்டது. காலிப் பானை. கதவுக்கு அருகில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்திருக்கலாம். கவிழ்த்து வைத்திருக்கலாம். சடையனால் இரண்டும் முடியவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்த வாய் தெரிந்தது. போகும்போதும் தெரிந்தது. கடைசியில் அது பானையின் வாயாகவே அவனுக்குத் தெரியவில்லை; பசித்த பிள்ளையின் வாயாகத் தெரிந்தது.

ஒரு காலையில் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினான்.

"உச்சிக்கா போறீங்க? புள்ள ஆசையா வச்சிருக்குதுங்க" என்று பூவாயி ஓடி வந்தாள்.

"ஆசை நாலு நாளைக்கு. பசி நாலு மாசத்துக்கு" என்றான் மேலிருந்து.

செவந்தி கீழே நின்று கத்தினாள். "அப்பா! கெழக்கால இருக்கறதை மட்டும் விட்டுரு அப்பா!"

"உனக்காகத்தான் கண்ணு பறிக்கறேன்."

வௌவால் குட்டியை இறக்கைக்குள் மூடிக்கொண்டது. "வேறெங்கும் பழம் இல்லை சடையா. பழம் தின்றால்தான் எனக்குப் பால் சுரக்கும். மேற்குப் பக்கத்தையாவது விடு" என்றது.

அவன் அடுத்த கிளையில் கால் வைத்தான். மரம் கேட்டது: "சடையா, கொடுத்த சொல்?"

"உனக்கு வருஷா வருஷம் பிள்ளை. எனக்கு?" என்றான் சடையன்.

அவன் உச்சிக் கிளையைக் காயாகவே வழித்தான். கடைசிக் காயை ஒடித்தபோது காம்பிலிருந்து பால் பீறிட்டு அவன் உள்ளங்கையில் விழுந்து, தோலைப் பொசுக்கியது. அவன் இறங்கினான். கடைசிப் பானையும் நிறைந்தது. அன்றிரவு வெகுகாலத்துக்குப் பிறகு கையைத் திறந்து வைத்துத் தூங்கினான்.

ஆடி பிறந்தது. காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிற்று. ஊரில் ஒரு காய்ச்சல் பரவியது. வாயெல்லாம் புண்ணாகி, தொண்டை அடைத்துக்கொள்ளும் காய்ச்சல். அது செவந்திக்கும் வந்தது.

கஞ்சி இறங்கவில்லை. தேனைத் தடவினால் எரிகிறது என்று துடித்தாள். வைத்தியம் பார்க்க வந்த பெரியவர் அவள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "குளிர்ச்சியா, இனிப்பா, நல்லாப் பழுத்த பழம் ஒண்ணு இருந்தா கரைச்சு ஊத்துங்க. அதுதான் இறங்கும். உசிரைப் பிடிச்சு வைக்கும்" என்றார். சுவரோரம் நின்ற பானைகளைப் பார்த்தார். பிறகு எழுந்து போனார்.

பூவாயி ஒரு பானையின் வாய்த்துணியை அவிழ்த்தாள். ஒரு கீற்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கழுவினாள். நக்கிப் பார்த்தாள். உப்பு. மறுபடி கழுவினாள். உப்பு. கிணற்றில் கிடந்த தண்ணீரையெல்லாம் சுரண்டிக் கொண்டு வந்து ஊற வைத்து, பிழிந்து, மறுபடி ஊற வைத்தாள். உப்பு போனது போலத்தான் இருந்தது. விரல்நுனி அளவு எடுத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். செவந்தி போட்ட சத்தத்தில் நஞ்சப்பன் தன் காட்டிலிருந்து ஓடி வந்தான்.

"எல்லாத்தையும் காப்பாத்தி வச்சீங்களே. ஒண்ணை விட்டு வச்சீங்களா?" என்றாள் பூவாயி. அவள் சத்தம் போடவில்லை. சடையன் எழுந்து மரத்தடிக்குப் போனான்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வௌவால் தொங்கியது. நெஞ்சில் குட்டி இல்லை.

"எங்கேயாவது ஒரு பழம் இருக்கும். நீதான் மலைக்கு அந்தப்புறமெல்லாம் பறந்து போகிறவள். ஒன்று கொண்டு வந்து கொடு. என் பிள்ளை சாகிறது" என்றான் சடையன்.

வௌவால் அவனைத் தலைகீழாகப் பார்த்தது. "என் பிள்ளை ஆடி பிறந்த அன்றே விழுந்துவிட்டது. நீ மிதித்துக்கொண்டு நிற்கிற இடத்தில்தான்" என்றது.

சடையன் காலை எடுத்தான். பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் மண்டி போட்டான்.

"உனக்காகப் போகவில்லை. அந்தப் பல்லில்லாதவளுக்காகப் போகிறேன். அவள்தான் எனக்குப் பாதியைக் கொடுத்தவள்" என்று சொல்லிவிட்டு வௌவால் மலைப்பக்கம் பறந்தது.

விடியும் நேரத்தில் செவந்தி கண் திறந்தாள். அப்பனின் கையைத் தேடிப் பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே மாம்பால் சுட்ட கறுப்புத் தழும்பு மட்டும் இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு தடவுவது நின்றுபோயிற்று.

வௌவால் திரும்பி வந்தபோது அதன் வாயில் இருந்தது போன வருஷத்துக் கொட்டை. வெயிலில் காய்ந்து நார்கூட இல்லாத கொட்டை. வாசலில் அழுகைச் சத்தம் கேட்டு, அதை அங்கேயே போட்டுவிட்டுப் போயிற்று.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. ஊரார் சோறு கொண்டு வந்தார்கள். அவர்களுடைய சோறும் சுருங்கியிருந்ததைச் சடையன் பார்த்தான். காரியம் முடிந்ததும் எழுந்து, பானைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வீடு வீடாக வைத்துவிட்டு வந்தான். நஞ்சப்பன் வீட்டுக்கு இரண்டு. அந்த வருஷம் மழை கடைசிவரை வரவில்லை. பெரும் பஞ்சம். கூழில் அந்தக் கீற்றுகளைப் போட்டுக் குடித்துத்தான் ஊர் பிழைத்தது. அவன் செய்தது தவறு என்று சொல்ல அதன் பிறகு ஊரில் யாருக்கும் நா எழவில்லை. சரி என்று சொல்லவும் எழவில்லை. நஞ்சப்பன் மட்டும் ஒரு நாள் காலிப் பானையைத் திருப்பிக் கொடுக்க வந்து, வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனான்.

தை வந்தது. மாமரம் பூக்கவில்லை.

மாசியும் போயிற்று. ஒரு கொத்துப் பூ இல்லை. இலைகள் மட்டும் கரும்பச்சையாக அசையாமல் நின்றன. சடையன் அடியில் போய் நின்று, "நோயா?" என்று கேட்டான்.

"உன் வீட்டில் இந்த வருஷம் பொங்கல் வைத்தாயா?" என்று கேட்டது மரம்.

"இல்லை. சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்புகிறவரை எதுவும் செய்யக் கூடாது."

"என் வீட்டிலும் சாவுதான் சடையா. ஒரு கொட்டையும் முற்றவில்லை."

சடையன் மரத்தின் மேல் கையை வைத்தான். "அடுத்த வருஷம்?" என்றான்.

"அடுத்த வருஷம் காய்ப்பேன். காய்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. நீங்கள் பறிப்பீர்கள். பறிக்காமல் இருக்க உங்களுக்குத் தெரியாது. அதற்கு அடுத்த வருஷம் மறுபடி துக்கம் காப்பேன்."

"நான் இனி உச்சிக் கிளையைத் தொட மாட்டேன்."

"நீ தொட மாட்டாய். ஆனால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பானை காலியாக இருக்கும்" என்றது மரம்.

அதுதான் மனிதர் காதில் மாமரம் பேசிய கடைசிப் பேச்சு.

வௌவால் போட்டுவிட்டுப் போன கொட்டையைப் பூவாயி எடுத்து, பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஊன்றியிருந்தாள். காய்ந்துபோன கொட்டை என்று அவளுக்குத் தெரியும். முளைக்காது என்றும் தெரியும். ஆனாலும் தினமும் ஒரு கை தண்ணீர் ஊற்றினாள். அது முளைக்கவில்லை.

அன்று தொடங்கிய துக்கம்தான். ஒரு வருஷம் கிளை முறியக் காய்க்கிற மாமரம், மறு வருஷம் வெறும் இலையோடு நின்றுவிடுகிறது. ஊறுகாய்க்கும் வற்றலுக்கும் பறிக்கிறவர்கள் உச்சிக் கிளையில் கொஞ்சம் விட்டு வைப்பதும் அன்றிலிருந்துதான். அதைப் பார்த்தும் மரம் இன்னும் துக்கத்தை முடித்துக்கொள்ளவில்லை.